எந்த ஆண்டுச் சோங் பாங்?

நீங்கள் கேட்டது இரண்டு. எழுபது வயதைத் தாண்டிய அப்பா, தாம் வளர்ந்த சோங் பாங்கை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அடிக்கடி சொல்கிறார். சிங்கப்பூரின் ஈசூன் நகரில் இருக்கும் சோங் பாங்குக்கு அழைத்துப் போனால், "இது இல்லை" என்று கோபித்துக்கொண்டு காரைவிட்டு இறங்கவே மறுத்துவிட்டார். அடுத்தது, அம்மாவின் அப்பா மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய ஒரு கிட்டங்கியில் கணக்கெழுதியவர். அந்தக் கட்டடம் எங்கே நின்றது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இல்லாமல் போன இடங்களை இனி எப்படித் தேடுவது என்பது உங்கள் கேள்வி.

அப்பாவின் கோபம் நியாயமானது, தம்பி. அவருடைய சோங் பாங் ஈசூனில் இருந்ததே இல்லை. அது செம்பவாங்கில், பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் வாயிலுக்கு வெளியே இருந்த கிராமம். ரப்பரிலும் அன்னாசியிலும் பெரும் பொருள் ஈட்டிய லிம் நீ சூனின் மகன் லிம் சோங் பாங். அவர் 1956இல் இறந்த பிறகு அந்தக் குடியிருப்புக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. அங்கிருந்த சுல்தான் தியேட்டரும் அவருடையதுதான். 1980களில் கிராமத்தைக் காலி செய்தார்கள். பெயரை மட்டும் எடுத்துக்கொண்டுபோய் ஈசூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வட்டாரத்துக்குச் சூட்டினார்கள். ஈசூன் என்பதே நீ சூன் என்ற பெயரின் மாண்டரின் உச்சரிப்பு. ஆக, தகப்பன் பெயர் கொண்ட நகருக்குள் மகன் பெயர் குடியேறிவிட்டது. குடும்பக் கணக்கில் பொருத்தமான ஏற்பாடுதான். அங்கே பிறந்து வளர்ந்தவர்களைத்தான் யாரும் கேட்கவில்லை.

இந்த ஊரில் பழைய இடத்தைத் தேடுபவர்கள் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். கட்டடம் இடிந்தால் பெயரும் போய்விடும் என்று நினைக்கிறோம். சிங்கப்பூரில் பெயர் அவ்வளவு எளிதில் சாவதில்லை. வேறு இடத்துக்குக் குடிபோய்விடுகிறது. நம் பெரியவர்களின் நினைவோ பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதனால் ஓர் இடத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும், "எங்கே" என்று கேட்பதற்கு முன் "எந்த ஆண்டில்" என்று கேட்டுவிடுங்கள். இதை விட்டுவிட்டு எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் பயனில்லை.

தேக்கா சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தை சிராங்கூன் சாலைக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று இரண்டு பாட்டிமார்கள் கோப்பிக் கடையில் உட்கார்ந்து காரசாரமாக வாதிட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் கல்யாணமாகிச் சிரம்பான் போனவர். மற்றவர் இங்கேயே இருந்தவர். இருவர் சொன்னதும் சரிதான். 1915இல் கட்டிய பழைய சந்தை சாலைக்கு அந்தப் பக்கம், ஹேஸ்டிங்ஸ் ரோட்டுக்கும் சுங்கை ரோட்டுக்கும் இடையே இருந்தது. 1982இல் இந்தப் பக்கம் புதுக் கட்டடம் வந்தது. அதற்கு முதலில் வைத்த பெயர் ஜூஜியாவ் நிலையம். மக்கள் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. கடைசியில் 2000ஆம் ஆண்டில் அதிகாரப்பூர்வமாகவே தேக்கா நிலையம் என்று மாற்றினார்கள். பழைய சந்தை நின்ற மனையில் 2003இல் தேக்கா மால் வந்து, பிறகு வேறு பெயர் பூண்டு, அதுவும் இடிபட்டு, 2020இல் தேக்கா பிளேஸ் வந்திருக்கிறது. ஒரே மனை, ஒரே தலைமுறையின் கண்ணெதிரில் எத்தனை அவதாரம்! சிரம்பான் பாட்டி 1982க்கு முன்பே போனவர். அவருக்குத் தெரிந்த சந்தையை அவர் சரியாகவே காட்டினார்.

இதே போல இன்னும் சில. சிவன் கோயில் என்று அப்பா சொன்னால், ஆர்ச்சர்ட் சாலையில் டோபி காட் பக்கம் இருந்ததைச் சொல்கிறாரா, எம்ஆர்டி ரயில் வேலைக்காக 1983இல் இடம்பெயர்ந்து சிராங்கூன் சாலையில் தற்காலிகமாக இருந்ததையா, 1993 முதல் கேலாங் ஈஸ்டில் இருப்பதையா என்று கேளுங்கள். கேகே மருத்துவமனையில் பிறந்தேன் என்று பாதி சிங்கப்பூர் சொல்லும். 1966இல் மட்டும் அங்கே 39,835 பிரசவங்கள் நடந்தன. உலகச் சாதனை அது. ஆனால் 1997இல்தான் மருத்துவமனை இப்போதிருக்கும் இடத்துக்கு வந்தது. உமறுப்புலவர் என்று சொன்னால் என் வயதுக்காரர்களுக்குத் தஞ்சோங் பகாரில் 1946இல் கடையநல்லூர் மக்கள் தொடங்கி, 1982இல் மூடப்பட்ட தமிழ்ப் பள்ளி. உங்கள் பிள்ளைகளுக்கு அது பீட்டி ரோட்டில் தமிழ் வகுப்புக்குப் போகும் நிலையம்.

சரி, அப்பாவிடம் எப்படிக் கேட்பது? "உங்கள் வீடு எப்படி இருந்தது, சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எல்லாரும் ஒரே படத்தைத்தான் வரைவார்கள்: அத்தாப்புக் கூரை, கோழி, ரம்புத்தான் மரம், திறந்தே கிடக்கும் கதவு, எல்லாரும் ஒற்றுமையாக இருந்தோம் என்ற ஒரு வசனம். அது அவர் நினைவா, தொலைக்காட்சியில் பார்த்ததா என்று அவருக்கே தெரியாது. நடக்கச் சொல்லுங்கள். "வீட்டுப் படியிலிருந்து இறங்கிப் பள்ளிக்குப் போங்கள். இடது கைப் பக்கம் முதலில் என்ன வந்தது? சாக்கடையைத் தாண்டப் பலகை இருந்ததா, கல்லா? மழை பெய்தால் எந்த இடத்தில் செருப்பைக் கையில் எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். கால்களுக்கு நினைவு அதிகம். மளிகைக்கடைக்காரர் பெயர் மறந்தவர்கூட, அந்தக் கடைக்கு முன்னால் தரை சரிந்திருந்ததைச் சொல்வார். பெரிய தாளும் பென்சிலும் கொடுத்தால் இன்னும் நல்லது. அளவு தப்பாக இருக்கும், அதைத் திருத்தாதீர்கள். வரிசைதான் நமக்கு வேண்டும்: எதற்குப் பிறகு எது வந்தது என்பது.

அடுத்து, வீட்டில் பழைய கடிதங்கள் இருந்தால் உறைகளைப் பாருங்கள். ஊரிலிருந்து வந்த நீல நிற விமானக் கடிதங்களைப் பலர் இன்னும் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் நலம், நலமறிய ஆவல், பணம் வந்து சேர்ந்தது. முகவரிப் பக்கம்தான் நமக்குப் பொக்கிஷம். சிங்கப்பூர் என்று எழுதி அதன்பின் 8, 27 என்று ஓரிலக்கமோ ஈரிலக்கமோ இருந்தால் கடிதம் 1979க்கு முந்தைய வழக்கில் எழுதப்பட்டது. நான்கு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1979க்கும் 1995க்கும் இடைப்பட்டது. ஆறு இலக்கம் இருந்தால் 1995 செப்டம்பருக்குப் பிறகு. தபால் முத்திரை மங்கிப்போன உறையைக்கூட இப்படிக் காலத்தில் நிறுத்திவிடலாம். ஊரில் இருந்த பெரியப்பா பழைய வழக்கத்திலேயே எழுதிக்கொண்டிருந்திருக்கலாம் என்பதை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு கையில் கிடைத்த பிறகு வரைபடத்துக்குப் போகலாம். தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தொகுப்பில் பிரிட்டிஷ் விமானப் படை 1940களிலிருந்து மேலிருந்து எடுத்த படங்கள் இருக்கின்றன. செம்பவாங் பக்கம் தேடுபவருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. கூரைகளையும் மரவரிசைகளையும் ஒற்றையடிப் பாதைகளையும் எண்ணிவிடலாம். 1950கள் முதல் வந்த தெருக்கையேடுகளும் உதவும். ஆனால் கம்பத்துப் பாதைகள், அதாவது கிராமத்துப் பாதைகள், பலவற்றுக்குப் பெயரே கிடையாது என்பதால் கையேட்டில் அந்த இடம் வெறும் வெள்ளையாக இருக்கும். அதைப் பார்த்து அப்பா தவறாகச் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

தமிழ் முரசையும் பாருங்கள். கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய அந்த நாளிதழின் பழைய பக்கங்கள் தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் கிடைக்கின்றன. தலைப்புச் செய்திகளைத் தள்ளிவிட்டு விளம்பரங்களைப் படியுங்கள். நார்த் பிரிட்ஜ் சாலை ராயலிலும் டைமண்டிலும் எந்தப் படம் ஓடியது, எந்தக் கடை எந்த எண்ணுக்கு மாறியது, யார் வீட்டில் துக்கம், எந்தச் சங்கத்துக்குப் புது நிர்வாகம் என்று ஊரே அங்கே இருக்கிறது. ஒரு தெருவில் யார் இருந்தார்கள் என்பதைச் செய்தியாளர் எழுதியிருக்க மாட்டார். மரண அறிவித்தல் சொல்லிவிடும். கோயில்களின் குடமுழுக்கு மலர்களும் அப்படித்தான். வாழ்த்துரைகளைப் புரட்டித் தாண்டினால் பின்பக்கங்களில் பழைய படங்களும் நன்கொடையாளர் பட்டியலும் வரும். அந்தப் பட்டியலில் உங்கள் தாத்தா பெயர் இருந்தால், ஐந்து வெள்ளி கொடுத்ததாக இருந்தாலும், அவர் அந்த ஆண்டு அந்த வட்டாரத்தில் இருந்தார் என்பதற்கு ஆதாரம். ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் முதியவர்களைப் பேட்டி கண்டு வருகிறது. தமிழில் பேசியவர்களும் அதில் உண்டு.

இனி அப்பாவின் பக்கத்துக்கு வருகிறேன். நான் வளர்ந்தது அந்தக் கடற்படைத் தளத்துக்கு உள்ளே. சோங் பாங் எங்களுக்கு வாயிலுக்கு வெளியே இருந்த உலகம். நேவல் பேஸ் என்றுதான் எல்லாரும் சொல்வோம், தமிழில் பேசும்போதும். பெரிய கப்பல்களை உள்ளே நிறுத்திப் பழுது பார்க்கும் ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறையை 1938இல் திறந்தார்கள். அதைச் சுற்றி ஒரு முழு ஊரே இருந்தது. மலையாளிகளும் தமிழர்களும் திரளாக வேலை பார்த்தார்கள். காலையில் சங்கு ஊதினால் வரிசை வீடுகளில் அடுப்புப் புகை அடங்கி, சைக்கிள் மணிகள் கிளம்பும். என் தந்தையின் நுழைவு அட்டை சட்டைப் பையில் இருக்காது. கழுத்தில் கயிறு கட்டி, பனியனுக்குள் போட்டிருப்பார். வியர்வை பட்டுப் பட்டு அட்டையின் ஓரம் பஞ்சு போலாகிவிட்டது. அதில் இருந்த படத்தில் அவருக்கு இளவயது. கடைசி நாள் வரையில் காவலர் அந்த இளைஞனைப் பார்த்துத்தான் இவரை உள்ளே விட்டார். சம்பள நாளில் சோங் பாங் கடைகளில் கடன் தீர்ப்பதும், மிச்சமிருந்தால் சுல்தானில் படம் பார்ப்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். உங்கள் அப்பாவுக்கு அந்தச் சம்பள நாள் கூட்டம் கட்டாயம் நினைவிருக்கும்.

1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை 1971க்குள் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. தளத்தின் கப்பல் பட்டறை 1 டாலர் என்ற பெயரளவு விலைக்குச் சிங்கப்பூர் அரசுக்குக் கைமாறி, செம்பவாங் கப்பல் பட்டறை ஆயிற்று. பட்டறை பிழைத்தது, எல்லாக் குடும்பங்களும் இங்கே நிலைக்கவில்லை. பலர் கிடைத்த பணத்தோடு ஊருக்கே திரும்பினார்கள். ஒரு வரிசையில் இருந்த பிள்ளைகள் அடுத்த தீபாவளியில் பாதியானார்கள். கட்டடங்கள் இடிபடுவதற்கு வெகு முன்பே அந்த ஊர் கலையத் தொடங்கிவிட்டது என்றுதான் நான் சொல்வேன்.

இன்றைக்கு நீங்கள் அங்கே போனால் ஒன்று கண்ணில் படும். வெள்ளைச் சுவரும் கறுப்புச் சட்டமுமாக அதிகாரிகள் குடியிருந்த பங்களாக்கள் பெரிய புல்வெளிகளோடு இன்னும் நிற்கின்றன, வாடகைக்கும் விடுகிறார்கள். நாங்கள் குடியிருந்த வரிசை போய்விட்டது. பாரம்பரியம் என்று எதைக் காப்பாற்றுகிறோம் என்று பார்த்தால், முதலிலேயே நன்றாகக் கட்டப்பட்டதைத்தான். நன்றாகக் கட்டப்பட்டது யாருக்காக என்பதையும் சேர்த்து யோசித்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

அதே சமயம் வரிசை வீட்டையும் கம்பத்து வீட்டையும் நினைத்து உருகுபவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. மலவாளி எடுக்கும் வேலை இந்த நாட்டில் 1987இல்தான் முற்றாக நின்றது. கம்பத்து வாழ்க்கையின் இனிமையைப் பாடுபவர்களில் ஆண்கள் அதிகம், கவனித்திருக்கிறீர்களா? பொதுக் குழாயில் வரிசை நின்று வாளி சுமந்த என் அம்மாவுக்கு, வீவக வீட்டின் குளியலறைக் குழாயைத் திறந்து மூடித் திறந்து பார்த்ததுதான் வாழ்நாளின் பெரிய சந்தோஷங்களில் ஒன்று.

அப்பாவை எங்கே அழைத்துப் போவது? ஈசூன் சோங் பாங்கை விட்டுவிடுங்கள். செம்பவாங் சாலையும் கான்பரா சாலையும் பெயர் மாறாமல் இருக்கின்றன. அங்கிருந்து தொடங்கினால் அவருக்குத் திசை பிடிபடும். அடுத்து, காம்பாஸ் அவென்யூவில் இருக்கும் வெந்நீர் ஊற்று. பூமிக்கு அடியிலிருந்து ஏறத்தாழ 70 டிகிரிச் சூட்டில் வரும் தண்ணீரை எந்தத் திட்டமிடுபவராலும் ஈசூனுக்கு மாற்ற முடியாது. அந்தக் காலத்தில் சுற்றுப்புறத்தார் அங்கே போய்க் குளிப்பதும் முட்டை அவிப்பதும் உண்டு. 2020 ஜனவரியில் அதைப் பூங்காவாகத் திறந்தார்கள். கால் நனைக்கத் தொட்டி கட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் எல்லாம் மாறியிருந்தாலும், "இங்கிருந்து கிராமத்துக்கு எந்தப் பக்கம் நடந்தீர்கள்?" என்று கேட்டால் அவர் கையை நீட்டிவிடுவார்.

வரும் வழியில் ஈசூன் தொழிற்பேட்டையில் இருக்கும் புனித மரம் பாலசுப்பிரமணியர் ஆலயத்துக்கும் போங்கள். அது 1960களில் கான்பரா சாலையோரம் ஒரு மரத்தடியில், தளத்துத் தொழிலாளர்களால் தொடங்கிய வழிபாடு. 1996இல் ஈசூனில் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. பங்குனி உத்திரத்தன்று போனால் இன்னும் நல்லது. சிதறிப்போன நேவல் பேஸ் குடும்பங்கள் ஜூரோங்கிலிருந்தும் தெம்பனிஸிலிருந்தும் காவடியோடு அங்கே வருகிறார்கள். அப்பாவின் பழைய பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டுபிடிக்க எந்த ஆவணக் காப்பகத்தையும்விட அந்த அன்னதான வரிசை மேல்.

மார்க்கெட் ஸ்திரீட் விஷயம் சற்றுக் கடினம். கிட்டங்கி என்பது ஒருவர் கடையல்ல. தெருவிலிருந்து பின்பக்கம் வரை தடுப்பே இல்லாமல் நீளும் கடைவீட்டில், ஒவ்வொரு செட்டியாருக்கும் ஒரு பாய் அகல இடம், ஒரு தாழ்ந்த மேசை, பெட்டகம். பகலில் சம்மணமிட்டு உட்கார்ந்து வட்டிக் கணக்கு. இரவில் அங்கேயோ மாடியிலோ படுக்கை. சமையல் பொதுவில். ஆகவே தாத்தா வேலை பார்த்த கிட்டங்கி எது என்பதோடு, எந்த விலாசத்துக்கு எழுதினார் என்பதும் தெரிய வேண்டும். செட்டியார் பெயருக்கு முன்னால் வரும் முன்னெழுத்துகளைத்தான் விலாசம் என்பார்கள். அது தொழில் நிறுவனத்தின் அடையாளம். பழைய ஆங்கில நாளிதழ்களின் நீதிமன்றச் செய்திகளில் கடன் வழக்குகளோடு இந்த விலாசங்கள் வந்துகொண்டே இருக்கும். டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வட்டாரத்தில் நகரத்தார் பெரியவர்களிடம் விலாசத்தைச் சொன்னால் போதும், எந்த வீட்டைச் சேர்ந்தது என்று ஊர்ப் பெயரோடு சொல்லிவிடுவார்கள்.

அந்தத் தெருவே இப்போது வேறு. நகர மறுசீரமைப்பில் கிட்டங்கிகள் போயின. அதே தெருவில் 1984இல் கோல்டன் ஷூ கார் நிறுத்தக் கட்டடமும் உணவங்காடியும் வந்தன. 2017இல் அதையும் மூடி இடித்தார்கள். இன்று அங்கே 280 மீட்டர் உயரக் கோபுரம் நிற்கிறது. உணவங்காடி அதற்குள் திரும்பி வந்திருக்கிறது. உங்கள் வயது அலுவலகக்காரர்கள் சிலர் அந்தக் கார் நிறுத்தத்து மீன் சூப்பை நினைத்து ஏங்குகிறார்கள். தாத்தா கிட்டங்கியின் பருப்புக் குழம்பை நினைத்திருப்பார். நிலம் ஒன்றுதான்.

ஒரு வேலை செய்யுங்கள். அப்பாவிடம் அவர் குடும்பம் எந்த ஆண்டு சோங் பாங்குக்கு வந்தது, எந்த ஆண்டு வெளியேறியது, தளத்துக்குள் போனவர்கள் எந்த வாயில் வழியாகப் போனார்கள் என்ற மூன்றை மட்டும் கேட்டு எழுதி அனுப்புங்கள். அண்ணன் தம்பிகள் வேறு வேறாகச் சொன்னால் எல்லாவற்றையும், யார் சொன்னது என்ற குறிப்போடு எழுதுங்கள். நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். அவை கிடைத்தால் விமானப் படங்களில் எந்த ஆண்டின் படத்தை எடுத்து, எந்த மூலையில் தேட வேண்டும் என்று நான் குறித்துத் தருகிறேன்.